எம்.ஜி.பி. இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்: முன் பிளக் வெளுப்பு, பின் பிளக் கரி. எங்கிருந்து தொடங்குவது?

முத்தியால்பேட்டை_1965

வணக்கம். பாண்டிச்சேரியில் 1965 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கிறேன். 1798 சிசி, ஐந்து பேரிங் என்ஜின். ஒன்றரை அங்குல எஸ்.யூ. எச்.எஸ். 4 கார்புரேட்டர் இரண்டு. என்ஜின் புகைக்கவில்லை, ஆயில் குடிக்கவில்லை.

காலையில் சோக் இழுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. சூடானதும் ஸ்லோ, அதாவது பெடலை அழுத்தாதபோது ஓடும் வேகம், நிற்பதில்லை. 600-க்கும் 1200-க்கும் நடுவே தானாக ஏறி இறங்குகிறது. அரியாங்குப்பம் பாலம் தாண்டி கடலூர் ரோட்டில் மூன்றாவது கியரில் மெதுவாக அழுத்தினால் 2000 ஆர்.பி.எம். பக்கம் திணறல். சில நேரம் கார்புரேட்டர் வழியாகவே 'டப்' என்று திருப்பித் துப்புகிறது. பெடலை முழுக்க அழுத்தினால் அந்தத் திணறலைத் தாண்டி ஓடிவிடுகிறது. மரப்பாலம் சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை தூக்குகிறது. பின் கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டும் பார்த்தேன்.

பிளக்கைக் கழற்றினால் 1, 2 சுண்ணாம்பு வெள்ளை. 3, 4 கரி.

ஒரு பட்டறையில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ரிப்பேர் கிட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. "ரெட்டை கார்புரேட்டர் நம்ம ஊர் சூட்டுக்கு ஆகாது, ஒத்தையா மாத்திடுங்க" என்கிறார்கள். எனக்கு மாற்ற மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை_ராஜ்தூத்

என்னிடம் இருப்பது ராஜ்தூத் 350. அதிலும் ரெட்டை கார்புரேட்டர்தான். சிங்க், அதாவது ரெண்டு கார்புரேட்டரும் ஒத்து வேலை செய்வது, பிசகினால் இதே மாதிரி ஒரு பக்கம் கரியும் ஒரு பக்கம் வெளுப்புமாக வரும். கேபிளை அட்ஜஸ்ட் செய்து ரெண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் தூக்குகிறதா என்று பார்ப்போம், அவ்வளவுதான். உங்கள் வண்டியிலும் முதலில் சிங்க் பார்த்துவிடுங்கள் என்பது என் கருத்து.

மஞ்சக்குப்பம்_பட்டறை

தம்பி, இப்போதைக்கு கார்புரேட்டர்ல கையே வைக்காதீங்க. சிங்க் கடைசி வேலை. லாஸ்பேட்டை தம்பி சொல்றது அவர் வண்டிக்கு சரி. அது ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், தலையில டாப்பெட் வச்ச வால்வே கிடையாது. இது வேற ஜாதி என்ஜின்.

நான் எம்.ஜி.பி. நிறைய பார்த்தவன் இல்ல. ஆனா அம்பாசிடர் பார்த்திருக்கேன், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டு வண்டி பூரா நம்ம பட்டறைக்குத்தான் வரும். அம்பாசிடரோட 1489 சிசி என்ஜினும் உங்க 1798-ம் ஒரே வம்சம், பிரிட்டிஷ் கம்பெனி பி.எம்.சி.யோட பி சீரிஸ். பழைய அம்பாசிடர்ல ஒரு எஸ்.யூ., உங்களுக்கு ரெண்டு. தலையும் அதே அமைப்பு: பெட்ரோல் உள்ள போறதுக்கு ரெண்டே வழி, புகை வெளிய வர மூணு வழி. 1, 2 சிலிண்டருக்கு சேர்ந்து ஒரே வாய். 3, 4-க்கு சேர்ந்து ஒரே வாய். அதனாலதான் உங்க பிளக் ஜோடி ஜோடியா நிறம் மாறியிருக்குது. இது நல்ல சேதி. ஒத்த சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தா வால்வு, ரிங்குன்னு தேடணும். ஜோடியா கெட்டிருந்தா அந்த ஜோடிக்கு மேல இருக்கிற கார்புரேட்டர்கிட்டதான் போகணும்.

ஆனாலும் முதல்ல இதெல்லாம் பாருங்க:

டாப்பெட், அதாவது வால்வு கேப். என்ஜின் ஆறினப்புறம் 15 தவு (தவுன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ. இந்த என்ஜினுக்கு ஒன்பது கணக்கு ஒண்ணு இருக்குது. முன்னாடியிலிருந்து வால்வுக்கு 1 முதல் 8 வரை நம்பர் போட்டுக்குங்க. எட்டாவது வால்வு முழுசா அமுங்கி நிக்கும்போது முதல் வால்வை செட் பண்ணணும். ஆறு அமுங்கினா மூணு. அஞ்சு அமுங்கினா நாலு. எப்பவும் கூட்டினா ஒன்பது வரணும்.

டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயின்ட் கேப் 14-லிருந்து 16 தவு. பிளக் கேப் 25 தவு. இப்ப கடையில வர்ற கண்டென்சர் சூடேறினா சாகுது, அதனால ஆறின வண்டியில ஸ்பார்க் பார்த்து ஏமாறாதீங்க. நல்லா ஓட்டி சூடாக்கிட்டுப் பாருங்க. அட்வான்ஸ் (வேகம் ஏறுறப்ப ஸ்பார்க்கை முன்கூட்டியே தர்றது) வேலை செய்யுதா, வாக்குவம் டயாப்ரம் கிழிஞ்சிருக்குதா, அதையும் பாத்துடுங்க. கிழிஞ்சிருந்தா அது வழியாவும் காத்து உள்ள போகும்.

அப்புறம் கம்ப்ரஷன். பிளக் நாலையும் கழட்டிட்டு, ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கிப் பிடிச்சு சுத்தவிட்டு அளங்க. நாலும் பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா போதும்.

இதெல்லாம் சரின்னு எழுதுங்க. அதுக்கப்புறம் கார்புரேட்டருக்கு வரலாம்.

கிருமாம்பாக்கம்_சாலை

பெரியவங்க சொல்றது எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு வேலை ஏன்? வெளிநாட்டில் பலர் இரண்டு எஸ்.யூ.வையும் கழற்றிவிட்டு ஒரே வெபர் (வேறு கம்பெனி கார்புரேட்டர்) போட்டு ஓட்டுகிறார்கள். ஒரு கார்புரேட்டர் என்றால் சிங்க் என்ற பேச்சே இல்லை.

நெய்வேலி_அனல்

கிருமாம்பாக்கம் நண்பருக்கு: மாற்றுவது அவரவர் விருப்பம். ஆனால் எஸ்.யூ. சிக்கலான பொருள் என்று நினைத்து மாற்றுவது தவறு. கார்புரேட்டர்களிலேயே எளிமையானதை வரிசைப்படுத்தினால் இது முதல் சிலவற்றில் வரும். ஸ்லோவுக்கு ஒரு ஜெட், நடு வேகத்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று, ஆக்சிலேட்டர் பம்ப் என்று இதில் தனித்தனியாக எதுவும் கிடையாது. ஒரே ஜெட், ஒரே நீடில்.

மேலே இருக்கும் குடத்துக்குள் பிஸ்டன் ஒன்று தொங்குகிறது. என்ஜின் இழுக்கும் அளவுக்கு ஏற்ப அது எழும். காற்று போகும் வழி அதனால் தானாகவே பெரிதாகும், சிறிதாகும். பிஸ்டனின் அடியில் கூம்பு வடிவ நீடில். அது 0.090 அங்குல ஜெட்டுக்குள் இறங்கி நிற்கிறது. பிஸ்டன் எழ எழ நீடிலின் மெல்லிய பகுதி ஜெட்டுக்கு வரும், பெட்ரோல் கூடும். ஸ்கின்னர் சகோதரர்கள் இதை முதலில் செய்தபோது பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தி வைத்திருந்தார்கள். அவர்கள் குடும்பத் தொழில் காலணி. எஸ்.யூ. என்பதே ஸ்கின்னர்ஸ் யூனியன்தான்.

ஆகவே இதில் கெடக்கூடியவை எண்ணிச் சொல்லும் அளவுதான்: காற்று திருட்டுத்தனமாக நுழைவது, ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) மட்டம், ஜெட் நடுவில் இல்லாதது, பிஸ்டன் ஒட்டுவது. இரட்டை என்றால் கூடுதலாக ஒன்று: இரண்டு கார்புரேட்டரும் வெவ்வேறு அளவு காற்றை விடுவது.

முத்தியால்பேட்டை நண்பரின் அறிகுறிகளைப் படித்தால் எனக்கு ஒரு குறை தெரியவில்லை, இரண்டு தெரிகின்றன. ஒன்று முன் கார்புரேட்டரில், வேண்டாத காற்று. மற்றொன்று பின் கார்புரேட்டரில், வேண்டாத பெட்ரோல். எம்.ஜி.பி.யின் இன்லெட் மேனிஃபோல்டில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சமன் குழாய் இருக்கிறது. அதன் வழியாக ஒரு பக்கத்துக் கோளாறு கொஞ்சம் மறுபக்கம் கலந்து, ஸ்லோ அலைகிறது. முன்பக்கம் வெளுப்பு என்று இரண்டையும் ரிச் செய்தால் (பெட்ரோலைக் கூட்டினால்) பின்பக்கம் இன்னும் கரியும். கிட் போட்ட பட்டறை இந்த வளையத்தில்தான் சுற்றியிருக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை_1965

எல்லோருக்கும் நன்றி. மஞ்சக்குப்பம் ஐயா சொன்ன வரிசையிலேயே போனேன். டாப்பெட்டில் இரண்டு மட்டும் இறுக்கமாக இருந்தன, ஒன்பது கணக்குப்படி சரிசெய்தேன். பாயின்ட், பிளக், டைமிங் சரி. சூடான பிறகும் ஸ்பார்க் நீலமாக, திடமாக இருக்கிறது. வாக்குவம் டயாப்ரம் பிடிக்கிறது. கம்ப்ரஷன் முன்னாலிருந்து 155, 150, 155, 150 பிஎஸ்ஐ.

திணறல் அப்படியே இருக்கிறது.

மஞ்சக்குப்பம்_பட்டறை

என்ஜின் நல்லாருக்குது. இனி தைரியமா கார்புரேட்டருக்கு வாங்க.

ஸ்லோவுல ஓடவிட்டு, முன் கார்புரேட்டரோட திராட்டில் ஸ்பிண்டில் (காத்து வழியைத் திறந்து மூடுற தட்டோட அச்சுத்தண்டு) ரெண்டு முனையிலயும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை ஒரு பொட்டு காட்டுங்க. பொட்டுன்னா பொட்டுதான். இந்த என்ஜின்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதே பக்கம், கார்புரேட்டருக்கு அடியிலயே கொதிச்சுக்கிட்டு இருக்குது. தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். ஸ்ப்ரே பட்டதும் ஆர்.பி.எம். மாறினா அந்த இடத்துல காத்து உள்ள போகுது. அதே மாதிரி கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இருக்கிற பேக்கிங், மேனிஃபோல்டு தலையில உக்கார்ற இடம், ரெண்டையும் பாருங்க.

முத்தியால்பேட்டை_1965

முன் கார்புரேட்டர், பின்முனை: ஸ்ப்ரே பட்டதும் வேகம் சட்டென்று மாறியது. பின் கார்புரேட்டரில் ஒரு மாற்றமும் இல்லை. மேனிஃபோல்டு பேக்கிங் நன்றாக இருக்கிறது.

கழற்றிப் பார்த்தேன். ஸ்பிண்டிலை மேலும் கீழும் ஆட்டினால் கைக்கே தெரிகிறது. வெளியே எடுத்து விரல் நகத்தை அதன் மேல் ஓட்டினால், உடலுக்குள் சுழலும் இடத்தில் ஒரு பள்ளமும் அதன் கரையும் நகத்தில் தட்டுகிறது. நடுப்பகுதி புதுசு போல் பளபளக்கிறது. கிட்டில் பேக்கிங், நீடில், ஜெட் எல்லாம் வந்திருந்தன. ஸ்பிண்டில் வரவில்லை, யாரும் அதைத் தொடவும் இல்லை.

மஞ்சக்குப்பம்_பட்டறை

அதேதான். ஆக்சிலேட்டரை லேசா திறந்து வைக்கிறப்ப, ஸ்பிண்டில் ஓரமா நுழையுற காத்து மொத்தக் காத்துல பெரிய பங்கு. அதனால 2000-ல திணறுது. முழுசா திறந்துட்டா அந்தக் காத்து ஒண்ணுமே இல்ல, வண்டி ஓடிடுது. நீங்க முதல்ல எழுதினதுலயே இது இருந்துச்சு.

முதல்ல புது ஸ்பிண்டில் மட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்க. ஸ்பிண்டில் தேயுற அளவுக்கு உடம்பு தேயறதில்ல பல வண்டியில. புதுசு போட்டும் ஆடினா உடம்புல புஷ் (ஓட்டைக்குள்ள இறுக்குற சின்ன உலோக வளையம்) அடிக்கணும். அதுக்கு நல்ல லேத் வேணும். ஒவ்வொரு பக்கமா தனியா துளைச்சா ரெண்டு ஓட்டையும் நேர்கோட்டுல வராது, ஸ்பிண்டில் பிடிச்சுக்கும். ஒரே ரீமரை (ஓட்டையை அளவாக்குற கருவி) இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வரைக்கும் கொண்டுபோகணும். அதை செய்யத் தெரிஞ்சவங்ககிட்ட மட்டும் குடுங்க.

ஸ்பிண்டில் கழட்டும்போது திராட்டில் தட்டு எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் உள்ளன்னு மார்க் போட்டுக்குங்க. தட்டோட விளிம்பு சாய்வா இருக்கும், திருப்பிப் போட்டா மூடாது. திரும்ப மாட்டும்போது ஸ்குருவை லூசா விட்டு, தட்டை நல்லா மூடி அது தானா நடுவுல உக்காந்தப்புறம் முறுக்குங்க. அந்த ரெண்டு பித்தளை ஸ்குருவும் முனை பிளந்தது. முறுக்கினப்புறம் முனையை விரிச்சு விடணும். பழைய ஸ்குருவைத் திரும்பப் போடாதீங்க தம்பி. ஒரு தடவை விரிச்ச முனை அடுத்த தடவை ஒடியும். ஒடிஞ்சா போற இடம் சிலிண்டர்தான்.

லாஸ்பேட்டை_ராஜ்தூத்

ஐயா, ஒரு சந்தேகம். பின் கார்புரேட்டர் கரிக்குக் காரணம் ஃப்ளோட்டா, மிக்சரா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நெய்வேலி_அனல்

சொட்டு விழுவதால் முதலில் ஃப்ளோட். மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் தன் எடையில் நீடில் வால்வின் மேல் உட்காரும். அப்போது மூடியின் விளிம்புக்கும் ஃப்ளோட்டுக்கும் இடைவெளி 1/8-லிருந்து 3/16 அங்குலம், அதாவது 3.2 முதல் 4.8 மி.மீ. இருக்க வேண்டும். 1/8 அங்குல டிரில் பிட் ஒன்றை நடுவே வைத்துப் பார்த்தால் போதும்.

மட்டம் சரியாக இருந்தும் வழிந்தால் இரண்டு காரணம். நீடில் வால்வின் இருக்கையில் தூசியோ துருவோ சிக்கியிருக்கும். அல்லது பெட்ரோல் பம்ப் அளவுக்கு மேல் தள்ளும். எஸ்.யூ. நீடில் வால்வு சுமார் 3 பிஎஸ்ஐக்கானது. எங்கும் பொருந்தும் என்று விற்கும் எலக்ட்ரிக் பம்புகளில் பல அதைவிட அதிகம் தள்ளும். உங்கள் வண்டியில் என்ன பம்ப் இருக்கிறது?

முத்தியால்பேட்டை_1965

கடையில் வாங்கிய பொது எலக்ட்ரிக் பம்ப். நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. அளவு பார்த்தேன், 5 பிஎஸ்ஐக்கு மேல் காட்டுகிறது.

பின் ஃப்ளோட் சேம்பரின் அடியில் மிளகாய்த்தூள் நிறத்தில் துரு படிந்திருந்தது. நீடில் வால்வின் கூம்பிலும் ஒரு துகள். முன்பக்கத்து சேம்பர் சுத்தம்.

மஞ்சக்குப்பம்_பட்டறை

பம்ப் மாத்துங்க, இல்லேன்னா ரெகுலேட்டர் போடுங்க. மாத்துறப்ப ஒண்ணு கவனம்: 1965 வண்டி பாசிட்டிவ் எர்த். யாரும் மாத்தி வைக்கலேன்னா பேட்டரியோட பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். இப்ப வர்ற பம்ப் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கு செஞ்சது. பாடியில எர்த் ஆகுற பம்பை அப்படியே மாட்டினா புகைஞ்சிடும். எந்த எர்த்துன்னு கேட்டு வாங்குங்க.

துரு டேங்க்லருந்து வருது. டேங்கை இறக்கி கழுவாம ஃபில்டர் மட்டும் போட்டா மாசத்துக்கு ஒரு ஃபில்டர் அடைக்கும். கடல் ஓரத்து ஊர்ல வண்டி அரை டேங்கோட மாசக்கணக்கா நின்னா உள்ள வேர்க்கும். நிறுத்தி வைக்கிறதா இருந்தா டேங்கை நிரப்பி நிறுத்துங்க.

நெய்வேலி_அனல்

இதில் எத்தனால் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய இரும்பு டேங்குக்கு அதைவிடக் கேடு வேறில்லை. பழைய ரப்பர் குழாய்களும் ஊறி உள்ளே உரியும். குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். குழாய் உள்ளே உரிந்த கறுப்புத் துகளும் நீடில் வால்வில் போய்த்தான் சிக்கும்.

இன்னொன்று கலவை. சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இ20-க்கு ஏறத்தாழ 13.5 வருகிறது. அதாவது 1965-ல் எழுதிய புத்தகத்தின்படி அப்படியே செட் செய்தால் இன்றைய பெட்ரோலில் வண்டி லீன் ஆகத்தான் (பெட்ரோல் குறைவாகத்தான்) ஓடும். ஜெட்டின் உயரத்தை மாற்றும் ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருக்கும். எஸ்.யூ.வின் அருமை இங்கேதான். வேறு கார்புரேட்டராக இருந்தால் புது ஜெட் தேடி அலைய வேண்டும். இதில் ஒரு ஸ்பேனர் போதும்.

கிருமாம்பாக்கம்_சாலை

ஜெட் நட்டு விஷயம் புரிந்தது. ஒத்துக்கொள்கிறேன், வெபரில் இது முடியாது. தொடருங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

முத்தியால்பேட்டை_1965

டேங்க் இறக்கிக் கழுவியாயிற்று. குழாய்கள் மாற்றியாயிற்று. ரெகுலேட்டர் போட்டு 2.5 பிஎஸ்ஐயில் நிறுத்தியிருக்கிறேன். முன் கார்புரேட்டருக்குப் புது ஸ்பிண்டில் போட்டதும் ஆட்டம் போய்விட்டது, புஷ் தேவைப்படவில்லை.

எல்லாவற்றையும் பிரித்த நிலையில் பிஸ்டனையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். எப்படிச் சோதிப்பது?

மஞ்சக்குப்பம்_பட்டறை

முதல்ல துடைங்க. பிஸ்டனையும் குடத்தோட உள்பக்கத்தையும் பெட்ரோல்ல நனைச்ச துணியால துடைக்கணும். எமரி பேப்பர் கிட்டவே வரக்கூடாது. உள்ள எண்ணெய் தடவக் கூடாது, நடுத்தண்டுல மட்டும் ஒரு சொட்டு விடலாம்.

ரொம்ப முக்கியமா, அந்தக் குடமும் பிஸ்டனும் ஜோடியா செஞ்சது. முன்னாடி குடம் முன்னாடி பிஸ்டனுக்கு, பின்னாடி குடம் பின்னாடி பிஸ்டனுக்கு. ரெண்டையும் ஒரே தட்டுல போட்டுக் கழுவுற பட்டறை உண்டு. உங்களுது மாறிப்போச்சான்னு பாக்கலாம். ஸ்பிரிங்கை எடுத்துட்டு டாம்பரை (குடத்து மூடியிலருந்து பிஸ்டனோட நடுத்தண்டுக்குள்ள இறங்குற தண்டு) மாட்டுங்க. பிஸ்டன்ல இருக்கிற ஓட்டைகளை அடைச்சு, குடத்துக்குள்ள முழுசா தள்ளி, தலைகீழா பிஸ்டனைப் பிடிச்சுக்கிட்டு குடத்தை விடுங்க. குடம் கீழ இறங்க 5-லிருந்து 7 நொடி ஆகணும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம் எடுக்கணும்.

ஸ்பிரிங்கோட முனையில பெயின்ட் இருக்கும். எம்.ஜி.பி.க்கு சிவப்பு. ரெண்டும் சிவப்பான்னு பாருங்க.

முத்தியால்பேட்டை_1965

ஸ்பிரிங் இரண்டும் சிவப்பு. ஆனால் குடம் இறங்கும் நேரம் ஒன்றுக்கு 8 நொடி தாண்டியது, மற்றொன்றுக்கு 4 கூட இல்லை. இரண்டையும் மாற்றி மாட்டிப் பார்த்தேன். ஒன்றுக்கு 6, மற்றொன்றுக்கு ஆறரை. மாறித்தான் போயிருக்கின்றன.

ஐயா, இதை நீங்கள் சொல்லாவிட்டால் சிங்க் எத்தனை முறை வைத்தாலும் நின்றிருக்காது.

நெய்வேலி_அனல்

நிற்காது. ஒரு பக்கம் காற்று அதிகம் கசியும் பிஸ்டன், மறுபக்கம் இறுகிய பிஸ்டன். ஸ்லோவில் சமமாக வைத்தாலும் வேகம் ஏறும்போது இரண்டும் வெவ்வேறு உயரத்துக்கு எழும்.

அடுத்து ஜெட்டை நடுப்படுத்துங்கள். ஜெட் நட்டின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு நட்டை முழுக்க மேலே ஏற்றி, ஜெட்டின் லாக் நட்டை லேசாகத் தளர்த்தி, டாம்பர் துளை வழியே ஒரு பென்சிலால் பிஸ்டனை மெதுவாக அழுத்திப் பிடித்தபடி லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு பிஸ்டனைத் தூக்கி விட்டால் அடித்தளத்தில் 'டிக்' என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். ஜெட் மேலே இருக்கும்போதும் கீழே இறக்கியபோதும் அதே சத்தம் வர வேண்டும். கீழே இறக்கும்போது மட்டும் சத்தம் கூர்மையாகக் கேட்டால் இன்னும் நடுவில் இல்லை, மீண்டும் செய்யுங்கள்.

மஞ்சக்குப்பம்_பட்டறை

இப்ப சிங்க். லாஸ்பேட்டை தம்பி காத்திருந்ததுக்கு இதான் நேரம்.

ரெண்டு கார்புரேட்டரையும் சேர்க்கிற திராட்டில் கம்பியோட கிளாம்ப் ரெண்டையும் தளர்த்திடுங்க. சோக் கம்பியோடதும். இதைச் செய்யாம டியூன் பண்றவங்கதான் ஊர்ல அதிகம். கிளாம்ப் இறுக்கி இருந்தா ஒண்ணுல ஸ்குரு திருப்பினா ரெண்டும் நகரும், எது எதைத் தூக்குதுன்னே தெரியாது. தளர்த்தினாத்தான் ரெண்டும் தனித்தனி கார்புரேட்டர்.

ஸ்லோ ஸ்குரு ரெண்டையும் வெளிய எடுத்து, தொட்டதும் ஒரு சுத்து உள்ள விடுங்க. ஜெட் நட்டை முழுசா மேல ஏத்தி ஜெட் பாலத்தோட (பிஸ்டன் வந்து உக்கார்ற மேடை) சமமா வரட்டும். அங்கிருந்து ரெண்டு முழு சுத்து, நட்டோட ஆறு முகக் கணக்குல பன்னண்டு முகம், கீழ இறக்குங்க. ரெண்டுக்கும் அதே அளவு. டாம்பர்ல எண்ணெய் விடுங்க. மூடி இன்னும் கால் அங்குலம் மேல இருக்கும்போதே கை தடை உணரணும், அதான் அளவு. எண்ணெய் ஸ்லோவுக்கு ஒண்ணும் செய்யாது. திடீர்னு அழுத்துறப்ப பிஸ்டன் ஒரேயடியா எகிறாம பிடிக்கிறதுதான் அதோட வேலை. மெல்லிசு எண்ணெய் போட்டா அங்க ஒரு திணறல் வரும். நம்ம சூட்டுக்கு 20-50 என்ஜின் ஆயிலே போதும்.

வண்டியை நல்லா சூடாக்குங்க. ஏர் பில்டர் கழட்டியே இருக்கட்டும். அரை மீட்டர் ரப்பர் டியூப் ஒண்ணு எடுத்து ஒரு முனையை காதுல, இன்னொரு முனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலயும் ஒரே இடத்துல வச்சுக் கேளுங்க. 'உஸ்' சத்தம் ரெண்டுலயும் ஒரே சுருதியில வர்ற வரைக்கும் ஸ்லோ ஸ்குருவைத் திருப்பணும். மீட்டர் இருந்தா மீட்டர், இல்லேன்னா காது போதும்.

அப்புறம் மிக்சர். பிஸ்டன் தூக்கும் பின்னை 1/32 அங்குலம், ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல, தூக்கிப் பாருங்க. வேகம் ஏறி ஏறியே நின்னா ரிச். ஏறாம மடிஞ்சா லீன். லேசா ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தா சரி. ரிச்சுன்னா நட்டு மேல, லீன்னா கீழ, ஒவ்வொரு முகமா. மிக்சர் மாத்தினா வேகம் மாறும், திரும்ப சத்தம் கேளுங்க. ரெண்டு வேலையும் மாறி மாறி செஞ்சு நெருங்கி வரணும், அவசரப்படாதீங்க.

கடைசியா கிளாம்ப் இறுக்குறப்ப, லீவர் பின்னுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல 12 தவு ஃபீலர் வச்சு ரெண்டு பக்கமும் ஒரே கேப் வரட்டும். இல்லேன்னா பெடல் அழுத்துனதும் ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். இறுக்கினப்புறம் 1500 ஆர்.பி.எம்.-ல இன்னொரு தடவை டியூப் வச்சுக் கேளுங்க.

முத்தியால்பேட்டை_1965

இன்று அதிகாலை, தெருவில் சத்தம் எழும் முன்பே செய்து முடித்தேன். பன்னிரண்டு முகத்தையும் தாண்டி முன் கார்புரேட்டர் இன்னும் ஒரு முகம், பின் கார்புரேட்டர் இன்னும் ஒன்றரை முகம் கீழே இறங்கியிருக்கின்றன. நெய்வேலி நண்பர் சொன்ன எத்தனால் கணக்கு அதில் தெரிகிறது. ஸ்லோ 800-ல் நிற்கிறது, அலையவே இல்லை. பில்டர் இல்லாமல் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று: திணறல் போய்விட்டது. மூன்றாவது கியரில் 1500-லிருந்து ஒரே இழுவையாக ஏறுகிறது.

ஆனால் ஏர் பில்டரை மாட்டி கடலூர் ரோட்டுக்குப் போனேன், வேறு விதமாகச் சோர்கிறது. திணறல் இல்லை, துப்பவில்லை. மேலே ஏற மறுக்கிறது. பில்டர் எலிமென்ட் புதிது. கழற்றினால் மறுபடி நன்றாக ஓடுகிறது.

மஞ்சக்குப்பம்_பட்டறை

பில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கிற பேக்கிங்கைக் கழட்டிப் பாருங்க. கடையில வாங்கினதா, கையால வெட்டினதா?

முத்தியால்பேட்டை_1965

கையால் வெட்டியது. நடுவில் பெரிய வட்டம், போல்ட்டுக்கு இரண்டு துளை.

மஞ்சக்குப்பம்_பட்டறை

அதான். கார்புரேட்டர் வாயோட முகத்துல, பெரிய ஓட்டைக்கு வெளிய சின்ன ஓட்டை ரெண்டு இருக்கும், தடவிப் பாருங்க. அது வழியாத்தான் பிஸ்டனோட அடிப்பக்கத்துக்குக் காத்து போகுது. அதை அடைச்சா பிஸ்டன் எழாது. பேக்கிங்லயும் பில்டர் தகட்டுலயும் அதுக்கு நேரா ஓட்டை இருக்கணும். பேக்கிங்கைத் தலைகீழா மாட்டினாலும் இதே கதைதான்.

முத்தியால்பேட்டை_1965

சின்னத் துளைகள் இரண்டும் பேக்கிங்கால் மூடித்தான் இருந்தன. கார்புரேட்டர் முகத்தில் கிரீஸ் தடவி, புதுப் பேக்கிங் தாளை அழுத்தி அச்சு எடுத்து, நான்கு துளையும் விழும்படி வெட்டினேன். தகட்டில் துளை சரியாகவே இருந்தது.

பில்டரோடு கடலூர் வரை போய், மஞ்சக்குப்பத்தில் ஐயாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ரெட்டிச்சாவடி தாண்டி வெறிச்சோடிய இடத்தில் நான்காவது கியரில் நன்றாக இழுத்தது. திரும்பி வந்து பிளக் நான்கையும் கழற்றினேன். நான்கும் பிஸ்கட் நிறம்.

நெய்வேலி_அனல்

மிக்க மகிழ்ச்சி. ஒரு வேண்டுகோள்: வெயில் காலத்தில் நின்று கிளம்பும்போது பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே இருக்கும் வெப்பத் தகடு உங்கள் வண்டியில் இருக்கிறதா? இ20-க்கு அது கட்டாயம் வேண்டும்.

முத்தியால்பேட்டை_1965

தகடு இருக்கிறது. அதன் பின்னால் ஒட்டியிருந்த அட்டை பாதி உதிர்ந்திருக்கிறது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்பதால் சுரண்டவில்லை. நனைத்து, முகமூடி போட்டு எடுத்துவிட்டு வெப்பம் தாங்கும் வேறு விரிப்பு ஒட்டப் போகிறேன்.

மஞ்சக்குப்பம்_பட்டறை

நல்லது தம்பி. 500 கிலோமீட்டர் ஓடினதும் மேனிஃபோல்டு நட்டு எல்லாம் ஒரு தடவை இறுக்கிப் பாருங்க. புதுப் பேக்கிங் உக்காந்துடும், நட்டு தளரும். டாம்பர் எண்ணெய் குறையுதான்னும் பாருங்க. கிருமாம்பாக்கம் தம்பி, உங்க வண்டி என்னன்னு சொல்லவே இல்லையே?

கிருமாம்பாக்கம்_சாலை

அம்பாசிடர் மார்க் 2, ஐயா. தாத்தா வண்டி. ஒத்த எஸ்.யூ. அதுவும் ஸ்லோ நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டு வரலாமா?

மஞ்சக்குப்பம்_பட்டறை

வாங்க. வர்றதுக்கு முன்னாடி டாப்பெட்டைப் பாத்துட்டு வாங்க. ஒன்பது கணக்கு அதுக்கும் அதேதான், கேப் மட்டும் உங்க வண்டி புத்தகத்துல இருக்கிறதை வைங்க.